டெக்சாஸ்ல கயோட்டி வேட்டை: விசாவுல இருக்கிறவங்களும் புதுசா ஆரம்பிக்கிறவங்களும் எந்த வரிசையில போகணும்

டெக்சாஸ்ல வேலைக்கு வந்திருக்கீங்க, கூட வேலை பாக்குறவர் மாமனாரோட ராஞ்சுல (கால்நடைப் பண்ணை) கயோட்டி (நரி மாதிரி இருக்கிற காட்டு நாய் இனம்) தொல்லை தாங்கல, வேட்டைக்கு வர்றீங்களான்னு கேக்குறார், உங்களுக்கும் ஆசையா இருக்கு. தேடிப் பாத்தா துப்பாக்கி ரிவ்யூ கொட்டிக் கிடக்கும், ஆனா எச்-1பி விசாவுல இருக்கிற ஒருத்தர் முதல்ல எதை வாங்கணும், எதைத் தொட்டா சிக்கல், யார்கிட்ட என்ன பேப்பர் காட்டணும்னு ஒரே இடத்துல சொல்ல ஆளில்ல. நான் இதைத் துண்டு துண்டா பல பேர்கிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், ஒருத்தர் சொன்னதை அடுத்தவர் மாத்திச் சொல்வார், அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். வரிசை ரொம்ப முக்கியம்: கோர்ஸ், லைசென்ஸ், நிலம், அதுக்கப்புறம்தான் துப்பாக்கி.

1. முதல்ல உங்க விசா என்னன்னு பாருங்க

கிரீன் கார்டோ சிட்டிசன்ஷிப்போ இருந்தா இந்தப் பகுதியைத் தாண்டிடுங்க. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 இதுல எதுலயாவது இருந்தா ரெண்டு தடவை படிங்க.

இந்த மாதிரி விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கவே கூடாதுன்னு அமெரிக்க ஃபெடரல் சட்டம் சொல்லுது. சொந்தமா வாங்குறது மட்டுமில்ல, ஃப்ரெண்டோட துப்பாக்கியைக் கொஞ்ச நேரம் வாங்கி வச்சிருந்தாலும், ஷூட்டிங் ரேஞ்சுல வாடகைக்கு எடுத்துச் சுட்டாலும் இதுல வந்துரும். இதுக்கு விதிவிலக்கு இருக்கு, நம்மளை மாதிரி ஆளுங்களுக்குப் பொருந்துறது முக்கியமா ஒண்ணு: ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ் உங்ககிட்ட இருக்கணும். அதனாலதான் லைசென்ஸ் முதல்ல, துப்பாக்கி அப்புறம்னு சொல்றேன்.

இதுல ரெண்டு பொறி இருக்கு. டெக்சாஸ் லைசென்ஸ் எப்போ வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்னிக்கு முடிஞ்சுரும். வீட்டு சேஃப்ல துப்பாக்கி இருக்கு, நீங்க புதுப்பிக்க மறந்துட்டீங்கன்னு வைங்க, செப்டம்பர் 1 காலையில இருந்து அது சட்டவிரோதமா வச்சிருக்கிறதா ஆயிடும். புது லைசென்ஸ் ஆகஸ்ட் 15ல இருந்து விப்பாங்க, அந்த ரெண்டு வாரத்துக்குள்ள வாங்கிருங்க, ஃபோன்ல வருஷா வருஷம் வர்ற மாதிரி ரிமைண்டர் போட்டு வைங்க. ரெண்டாவது, எச்-4ல இருக்கிற உங்க வீட்டம்மாவோ வீட்டுக்காரரோ. சேஃப் சாவியோ நம்பரோ அவங்ககிட்டயும் இருந்தா அவங்களும் துப்பாக்கி வச்சிருக்கிறதா எடுத்துக்க இடமிருக்கு. ஒண்ணு அவங்களும் லைசென்ஸ் எடுக்கணும், இல்லேன்னா சாவி உங்ககிட்ட மட்டும் இருக்கணும்.

உங்க கேஸ்ல ஏதாவது சிக்கல் இருந்தா, பழைய அரெஸ்ட், ஸ்டேட்டஸ் மாறிக்கிட்டு இருக்கு, அப்படி ஏதாவதுன்னா இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க. அதுக்கு ஆகுற ஃபீஸ் வீண் இல்ல.

2. ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ்

1971 செப்டம்பர் 2 அன்னிக்கோ அதுக்கப்புறமோ பொறந்தவங்க எல்லாருக்கும் டெக்சாஸ்ல இது கட்டாயம். 17 வயசு ஆனவங்க முழுசா ஆன்லைன்லயே முடிக்கலாம், வகுப்புல போய் உக்காந்தா 15 டாலர், ஆன்லைன்ல நடத்துறவங்களைப் பொறுத்து காசு மாறும். ஒரு வீக்கெண்ட் போதும். முடிச்ச சர்டிஃபிகேட்டை பிரிண்ட் எடுத்து பர்ஸ்ல வைங்க, ஃபோன்லயும் ஒரு காப்பி.

10 டாலர் கட்டி கோர்ஸைத் தள்ளிப் போடுற வசதியும் இருக்கு, வாழ்நாள்ல ஒரே தடவைதான், அதுலயும் கோர்ஸ் தகுதி உள்ள லைசென்ஸ்காரர் ஒருத்தர் எப்பவும் கூடவே இருக்கணும். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். துப்பாக்கியையே தொட்டுப் பழகாத ஊர்ல இருந்து வர்றோம், வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியை எப்படிக் கீழ வைக்கிறது, ரெண்டு பேர் நடக்கும்போது குழல் எந்தப் பக்கம் இருக்கணும் இதெல்லாம் அந்தக் கோர்ஸ்லதான் ஒழுங்கா சொல்லித் தர்றாங்க.

3. லைசென்ஸ்

டெக்சாஸ்ல தொடர்ந்து ஆறு மாசத்துக்கு மேல இருந்திருந்தா நீங்க ரெசிடென்ட், சாதாரண வேட்டை லைசென்ஸ் 25 டாலர். ஆறு மாசம் ஆகலேன்னா நான்-ரெசிடென்ட், அதுல 315 டாலர் லைசென்ஸைத் தலையில கட்டிக்காதீங்க, அது மான் வேட்டைக்கும் சேத்து. கயோட்டி மாதிரி நான்-கேம் (வேட்டை விலங்குப் பட்டியல்ல இல்லாத) விலங்குகளுக்கு 132 டாலர் ஸ்பெஷல் லைசென்ஸே போதும், அஞ்சு நாளைக்கு மட்டும்னா 48 டாலர். வாங்குற அன்னிக்கு டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையோட பக்கத்துல கட்டணத்தை ஒரு தடவை சரிபாத்துக்கோங்க.

சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் டிரைவிங் லைசென்ஸும் வேணும். ஆன்லைன்ல வாங்கலாம், வால்மார்ட், அகாடமி மாதிரி கடையில ஸ்போர்ட்ஸ் கவுன்டர்லயும் கொடுப்பாங்க. விசாவுல இருக்கிறவங்க கையில பேப்பராவே ஒரு காப்பி வச்சிருக்கிறது நல்லது, துப்பாக்கிக் கடைக்காரர் அதைக் கேப்பார்.

கயோட்டிக்கு டெக்சாஸ்ல சீசனும் இல்ல, எண்ணிக்கை வரம்பும் இல்ல, தனியா டேக் (சுட்ட விலங்கு மேல கட்டுற சீட்டு) எதுவும் வேண்டாம். "ஆட்டைக் கடிக்கிற கயோட்டிக்கு லைசென்ஸே வேண்டாம்"னு யாராவது சொல்வாங்க, அது கால்நடையையோ கோழியையோ வளர்ப்புப் பிராணியையோ தாக்குற, தாக்கப் போற, இல்ல இப்பத்தான் தாக்கின கயோட்டிக்கு உள்ள விலக்கு. அதை நம்பி விசாக்காரங்க துப்பாக்கியைத் தொடக்கூடாது, மேல சொன்ன ஃபெடரல் சட்டம் தனி.

4. நிலம், இதுதான் கஷ்டமான பகுதி

டெக்சாஸ்ல 90 சதவீதத்துக்கும் மேல தனியார் நிலம். சும்மா கார்ல போய் ஒரு காட்டோரம் நிறுத்திட்டு இறங்க முடியாது. ரோட்டுல இருந்தோ ரோட்டோரத்துல இருந்தோ சுடுறதும் குற்றம். வேலிக் கம்பத்துலயோ மரத்துலயோ ஊதா பெயின்ட் கோடு பாத்தீங்கன்னா அது உள்ள வராதேன்னு அர்த்தம், போர்டு இல்லாட்டியும் சட்டப்படி அதுவே எச்சரிக்கை. கையில துப்பாக்கியோட அத்துமீறினா தண்டனையும் கூடும், விசாவுக்கும் ஆபத்து.

பொது நிலத்துக்கு 48 டாலர்ல வருஷாந்திர பப்ளிக் ஹன்டிங் பெர்மிட் இருக்கு, பத்து லட்சம் ஏக்கர் அளவுக்கு இடம் திறக்கும். ஆனா ஒவ்வொரு இடத்துலயும் எந்த விலங்கு, எந்த மாசம், எந்த ஆயுதம்னு தனித்தனி விதி, மேப் புக்லெட்ல அந்த இடத்தோட பக்கத்தைப் படிக்காம போகாதீங்க. அங்க ஆரஞ்சு வெஸ்டும் தொப்பியும் போடுறதும் கட்டாயம்.

என்னைக் கேட்டா ஆடு வளர்க்கிற ராஞ்சுதான் நல்ல வழி. சான் ஆஞ்சலோ, சொனோரா, ஜங்ஷன் பக்கம், எட்வர்ட்ஸ் பீடபூமி முழுக்க செம்மறியும் வெள்ளாடும், அங்க கயோட்டின்னா யாருக்கும் பிடிக்காது. டல்லாஸ்ல இருந்து சான் ஆஞ்சலோ கார்ல நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால முதல்ல ஃபோன்ல பேசி, தெரிஞ்சவங்க மூலமா அறிமுகம் வாங்கிட்டு பகல்ல போய்ப் பாருங்க, கேமோ டிரெஸ்ல (காட்டோட நிறத்துல மறைஞ்சிருக்கப் போடுறது) போகாதீங்க, சாதாரண சட்டை போதும். ஒரு சின்னக் கார்டுல பேர், ஃபோன் நம்பர், கார் நம்பர் எழுதிக் கொடுங்க. பேச்சு இப்படிப் போனா போதும்:

"சார், வேலியோரம் கயோட்டி சத்தம் கேக்குதுன்னு சொன்னாங்க. மான் சீசன் முடிஞ்சப்புறம் ஒரு சனிக்கிழமை காலையில மட்டும் வந்து பாக்கட்டுமா? எங்க போகக்கூடாதுன்னு நீங்களே சொல்லிருங்க."

அந்த "மான் சீசன் முடிஞ்சப்புறம்"ங்கிற வார்த்தைக்கு ரொம்ப மதிப்பு. பெரும்பாலான ராஞ்சு மான் வேட்டைக்காரங்களுக்கு லீஸ் விட்டிருக்கும், நவம்பர் முதல் சனிக்கிழமை ஆரம்பிச்சு வடக்கு மண்டலத்துல ஜனவரி முதல் ஞாயிறு, தெற்குல மூணாவது ஞாயிறு வரைக்கும் மெயின் சீசன். அந்த நேரத்துல நீங்க போய் கயோட்டியை வரவைக்க முயல் கத்துற சத்தம் போட்டா காசு கொடுத்தவங்க கோபப்படுவாங்க, ஓனர் உங்களை மறுபடி கூப்பிட மாட்டார். சீசன் முடிஞ்சதும் கேட்டா ஒத்துக்கிறவங்க ஜாஸ்தி.

அனுமதியை எழுத்துல வாங்குங்க, ஒரு டெக்ஸ்ட் மெசேஜா இருந்தாலும் சரி, தேதியோட. கேட் எப்படி இருந்துச்சோ அப்படியே விடுங்க, திறந்து கிடந்தா திறந்தே, மூடியிருந்தா மூடி. காவல் நாய் இருக்கான்னு கண்டிப்பா கேளுங்க. ஆட்டு ராஞ்சுல கிரேட் பைரனீஸ், அனடோலியன் ஷெப்பர்டுன்னு பெரிய நாய்ங்க மந்தையோடயே திரியும், அரையிருட்டுல புதர்ல இருந்து எட்டிப் பாத்தா சட்டுனு கயோட்டின்னு தோணிரும். அந்த நாயைச் சுட்டுட்டா அந்த ஓனருக்கு ஆகுற நஷ்டத்துக்கு ஈடே கிடையாது.

5. துப்பாக்கியும் மத்த சாமானும்

ரைஃபிள், ஷாட்கன் வாங்க 18 வயசு போதும். கடையில 4473ங்கிற ஃபெடரல் படிவம் நிரப்பணும். விசாவுல இருக்கிறவங்க கொண்டு போக வேண்டியது: பாஸ்போர்ட், ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள வந்த பதிவு) பிரிண்ட், வேட்டை லைசென்ஸ், இப்போ இருக்கிற அட்ரஸோட டிரைவிங் லைசென்ஸ். அட்ரஸ் விஷயத்துல நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. அபார்ட்மென்ட் மாறியிருப்பாங்க, டிரைவிங் லைசென்ஸ்ல பழைய அட்ரஸே இருக்கும், கடைக்காரர் திருப்பி அனுப்பிருவார். புது அட்ரஸ் இருக்கிற வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் மாதிரி இன்னொரு அரசாங்கப் பேப்பரையும் சேத்துக் காட்டினா ஏத்துக்கலாம்னு விதி இருக்கு, ஆனா முன்னாடியே அட்ரஸை மாத்திட்டுப் போறது உத்தமம். பேக்ரவுண்ட் செக் சில பேருக்கு பத்து நிமிஷத்துல முடியும், சில பேருக்கு "டிலே"ன்னு வந்து சில நாள் ஆகும், பதறாதீங்க. சிட்டிசன் ஃப்ரெண்டை விட்டு உங்களுக்காக வாங்கச் சொல்றது மட்டும் வேண்டவே வேண்டாம், அது அவருக்கும் உங்களுக்கும் ஃபெடரல் குற்றம்.

எந்த கேலிபர்னு மணிக்கணக்கா வாதம் பண்ணுவாங்க. புதுசா வர்றவங்களுக்கு .223 ரெமிங்டன் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் போதும், 400ல இருந்து 700 டாலருக்குள்ள நல்லதா கிடைக்கும், உதை கம்மி, தோட்டா எல்லா இடத்துலயும் கிடைக்கும். 55 கிரெய்ன் தோட்டா, 100 யார்டுல ஒன்றரை இன்ச் மேல விழுற மாதிரி ஸ்கோப்பை செட் பண்ணிட்டா கிட்டத்தட்ட 200 யார்டு வரைக்கும் ஏத்தி இறக்காம நெஞ்சுலயே வச்சுச் சுடலாம். அடர்ந்த புதர்க்காடுன்னா 12 கேஜ் ஷாட்கன், 40 யார்டுக்குள்ள மட்டும்.

வாயால ஊதுற கால் (call, இரை கத்துற மாதிரி சத்தம் போட்டுக் கயோட்டியை வரவைக்கிற கருவி) 10ல இருந்து 25 டாலர், ரிமோட்ல இயங்குற எலக்ட்ரானிக் கால் 100ல ஆரம்பிச்சு 500க்கு மேலயும் போகும். டெக்சாஸ்ல கயோட்டிக்கு எலக்ட்ரானிக் கால் சட்டப்படி சரி. துப்பாக்கியைத் தாங்குற ஸ்டாண்ட் ஒண்ணு, முகத்தை மூடுற வலை, கையுறை, உக்கார ஒரு குஷன். விலை அதிகமான கேமோ டிரெஸ் முதல் வருஷம் தேவையே இல்ல, அசையாம உக்காரத் தெரிஞ்சா மங்கின பழுப்புச் சட்டையே போதும்.

6. எந்த மாசம், எந்த நேரம்

அக்டோபர், நவம்பர்ல அந்த வருஷக் குட்டிங்க தாயை விட்டுப் பிரிஞ்சு சுத்தும், அனுபவம் இல்லாததுங்க, சத்தத்துக்குச் சீக்கிரம் வரும். ஜனவரி, பிப்ரவரி இணை சேர்ற காலம், ஊளைச் சத்தத்துக்கு நல்லா பதில் கொடுக்கும். குளிர் ஜாஸ்தியா இருக்கிற காலையில பசியோட திரியும், முதல் வெளிச்சத்துல இருந்து ரெண்டு மூணு மணி நேரமும் பொழுது சாயுற நேரமும்தான் நல்லது. ஏப்ரல், மே மாசத்துல குட்டி போட்டிருக்கும். சட்டம் தடுக்கல, ஆனா ஆடு நிஜமா சாகுதுன்னு ஓனர் கூப்பிட்டாலொழிய அப்போ போகாதீங்கன்னுதான் சொல்வேன், தாயைச் சுட்டா பொந்துல குட்டிங்க பட்டினியில சாகும்.

தனியார் நிலத்துல ஓனர் சம்மதத்தோட ராத்திரியிலயும் லைட் வச்சு வேட்டையாடலாம். போறதுக்கு முன்னாடி அந்த கவுன்டியோட கேம் வார்டனுக்கு (வேட்டை விதிகளைக் கண்காணிக்கிற அதிகாரி) ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிருங்க, யாராவது லைட்டைப் பாத்துட்டுப் புகார் பண்ணினாலும் அவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கும். ஆனா முதல் சீசன் பகல்லயே பழகுங்க. ராத்திரி தெரியுறது ரெண்டு கண்ணோட மினுமினுப்பு மட்டும்தான், கன்னுக்குட்டிக்கும் நாய்க்கும் அதேதான் மினுங்கும்.

7. காத்து

இது ஒண்ணை நல்லா புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா வரும். கயோட்டி கண்ணால பாத்து நம்பாது, காதால கேட்டும் முழுசா நம்பாது, மூக்கால உறுதி பண்ணிக்கும். சத்தம் கேட்ட இடத்துக்கு நேரா ஓடி வராம, காத்து போற பக்கமா வளைஞ்சு வந்து மோப்பம் பிடிக்கும். அந்த வளைவுல அது உங்க வாசனையைத் தொடுறதுக்கு முன்னாடி நீங்க அதைப் பாத்தாகணும்.

உதாரணமா காத்து மேற்குல இருந்து கிழக்கா வீசுதுன்னு வைங்க. நீங்க வடக்கு பாத்து உக்காருங்க, எலக்ட்ரானிக் காலை உங்களுக்கு வடமேற்கா 40 யார்டு தள்ளி வைங்க. கயோட்டி அந்தக் கருவிக்குக் கிழக்குப் பக்கம் வரப் பாக்கும், அதாவது உங்களுக்கு நேர் முன்னாடியும் வலது முன்பக்கமும். உங்க வாசனை உங்களுக்கு நேர் கிழக்காதான் போகுது, அதைத் தொடுறதுக்கு முன்னாடியே அது உங்க பார்வையில வெட்டவெளியில நிக்கும். காத்து போற பக்கம் அடர்த்தியான புதர் இருக்கிற இடத்துல உக்காராதீங்க, அது வந்து மோந்துட்டுப் போனதே உங்களுக்குத் தெரியாது.

வண்டியை மேட்டுக்குப் பின்னாடி, சத்தம் வைக்கிற இடத்துல இருந்து பாத்தா தெரியாத மாதிரி நிறுத்துங்க, கதவை அறைஞ்சு சாத்தாதீங்க. மேட்டோட உச்சியில நடந்தா வானத்துல உங்க உருவம் தெரியும், சரிவுல நடங்க. முதுகுக்குப் பின்னாடி ஒரு ஜூனிபர் மரமோ மெஸ்கீட் மரமோ இருக்கணும், நிழல்ல உக்காரணும், சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருந்தா இன்னும் நல்லது. பவுடர் பாட்டிலை அழுத்திக் காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துட்டு உக்காருங்க, காத்து மாறிட்டா எழுந்து போயிருங்க. வெயில் காலமா இருந்தா உக்கார்ற இடத்துல ராட்டில்ஸ்னேக் (விஷப் பாம்பு) இருக்கான்னு ஒரு குச்சியால தட்டிப் பாருங்க.

8. சத்தம்

முதல் ஒரு நிமிஷம் சத்தத்தை ரொம்பக் கம்மியா வைங்க, பக்கத்துலயே ஒண்ணு படுத்திருக்கலாம், எடுத்த உடனே அலறவிட்டா அது பயந்து ஓடிரும். காட்டன்டெயில் முயல் அடிபட்டுக் கத்துற சத்தம்தான் ஆரம்பத்துக்கு நல்லது. ரெண்டு நிமிஷம் சத்தம், ஒரு நிமிஷம் அமைதின்னு மாத்தி மாத்தி விடுங்க, மெதுவா வால்யூம் ஏத்துங்க. பத்து நிமிஷத்துல ஒண்ணும் வரலேன்னா ஏதாவது பறவை கத்துற சத்தத்துக்கு மாத்துங்க, கடைசி மூணு நிமிஷம் குட்டிக் கயோட்டி கத்துறதைப் போடுங்க, அதுவரைக்கும் வராததுங்ககூட அதுக்கு வரும். மொத்தம் 15ல இருந்து 20 நிமிஷம், பரந்த வெட்டவெளின்னா அரை மணி நேரம். அப்புறம் அரை மைலுக்கு மேல தள்ளி அடுத்த இடம். ஒரே இடத்துல வாரா வாரம் ஒரே சத்தத்தைப் போடாதீங்க, தப்பிச்சுப் போனது அடுத்த தடவை அதைக் கேட்டு எதிர்த்திசையில ஓடும்.

9. வரும்போதும் சுடும்போதும்

பெரும்பாலும் ஓடி வர்றதைப் பாக்க மாட்டீங்க. வெறும் புல்லா இருந்த இடத்துல ரெண்டு காது தெரியும், அவ்வளவுதான். அது நின்னு சத்தம் வர்ற பக்கமா தலையைச் சாய்க்கும், ஒரு முன்னங்கால் தூக்கியே இருக்கும், அப்புறம் தலையைத் தாழ்த்திக்கிட்டு காத்து போற பக்கமா நடக்க ஆரம்பிக்கும். அது உங்களைப் பாக்கும்போது கண்ணிமைகூட ஆடக்கூடாது. அது புதருக்குப் பின்னாடி போற நொடியில துப்பாக்கியைத் திருப்புங்க, வெளிய வந்தப்புறம் திருப்பாதீங்க.

ஓடிக்கிட்டு இருந்தா வாயால "வுஃப்"னு ஒரு குரைப்பு குரைங்க, ஒரு ரெண்டு நொடி நிக்கும். பக்கவாட்டுல நின்னா முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னாடி, நேரா பாத்தா நெஞ்சுக் குழி. பின்னாடி மேடோ மண்ணோ இருக்கணும், மேட்டு உச்சியில நிக்கிறதைச் சுடாதீங்க, தோட்டா அந்தப் பக்கம் எங்க போய் விழும்னு யாருக்கும் தெரியாது. பாப்கேட் (காட்டுப் பூனை), சாம்பல் நரி இதுக்கெல்லாம் விதி வேற, சந்தேகம்னா விட்டுருங்க. ரெண்டு பேர் போனா யாருக்கு எந்தப் பக்கம்னு உக்கார்றதுக்கு முன்னாடியே பேசி முடிவு பண்ணுங்க. ஒண்ணு விழுந்ததும் எழுந்து ஓடாதீங்க, ஜோடியா வந்திருக்கலாம், இன்னும் சில நிமிஷம் சத்தம் போடுங்க. காயம் பட்டு நகர்ந்தா உடனே ரெண்டாவது தோட்டா, அதைத் தவிக்க விடுற உரிமை நமக்கில்ல.

10. அதுக்கப்புறம்

கிட்டப் போனதும் நீளமான குச்சியால கண்ணைத் தொட்டுப் பாருங்க, இமை அசையலேன்னாதான் செத்துருச்சுன்னு அர்த்தம். ரப்பர் கையுறை இல்லாம தொடாதீங்க, உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் சொறியும் இருக்கும், ரேபிஸ் ஆபத்தும் உண்டு. வாய்ப் பக்கம் கை வைக்கவே வைக்காதீங்க. குட்டி ஏதாவது கிடைச்சாலும் தூக்கிட்டு வராதீங்க, உயிரோட கயோட்டியைக் கொண்டு போறது ரேபிஸ் தடுப்பு விதிப்படி டெக்சாஸ்ல குற்றம். உடலை எங்க போடணும்னு ஓனர்கிட்ட கேளுங்க, ரோட்டோரத்துலயும் ஓடையிலயும் போடாதீங்க. எத்தனை பாத்தீங்க, எந்த வேலி அடியில தடம் இருந்துச்சுன்னு அன்னிக்கே ஓனருக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்க, ஒண்ணுமே வரலேன்னாலும் அனுப்புங்க.

11. ஊருக்குப் பெட்டி கட்டும்போது

வேட்டைக்குன்னு தனியா ஒரு பை, தனியா ஒரு ஜாக்கெட், அது வேற எதுக்கும் பயன்படக்கூடாது. ஜாக்கெட் ஓரப் பாக்கெட்லயோ பேக்பேக் லைனிங்லயோ தங்கின ஒரே ஒரு தோட்டாவோட சென்னை ஏர்போர்ட்ல எக்ஸ்ரேயில மாட்டினா, இந்தியாவோட 1959 ஆயுதச் சட்டத்துல கேஸ். டெக்சாஸ் லைசென்ஸைக் காட்டினா அங்க எடுபடாது. போலீஸ் ஸ்டேஷன், வக்கீல், கோர்ட்டுன்னு லீவு முழுக்க அதுலயே போயிரும், திரும்பி வர்ற ஃபிளைட்டும் தவறலாம். பசங்களோட ஸ்கூல் பையையோ லேப்டாப் பையையோ அவசரத்துக்குக்கூட வேட்டைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் எல்லாப் பையையும் கவுத்து உதறி, ஒவ்வொரு ஜிப்புக்குள்ளயும் விரலை விட்டுப் பாத்துட்டு அப்புறம் துணி அடுக்குங்க.